இருபத்து நான்கு மேசைப் பிரெஞ்சு

ஒரு மொழி தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வது மிகச் சுலபம். அந்த மொழி உண்மையில் தெரிந்த ஆள் எவரும் அறைக்குள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் ஏறத்தாழ ஒரு முழுக் குளிர்காலம் கனடாவின் ஸ்காபரோவில் பிரெஞ்சு ஆசிரியராக இருந்தேன். அப்படி ஓர் ஆள் அதுவரை எங்கள் பக்கம் வராமல் இருந்தது என் அதிர்ஷ்டம். கடைசியில் ஒருவர் வந்து சேர்ந்தது பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே சேலைக் கடை, பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. கீழே இறைச்சி ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினால், அந்த வாசத்தில் மேலே ஐந்தாம் வகுப்பில் ஒருவருக்கும் பின்னக் கணக்கு ஓடாது. சின்னத் தனியார் பள்ளிக்கூடம். அதை நடத்தியவர் பரம் அண்ணை. நான் அங்கே சமூகக் கல்வி படிப்பித்தேன். கனடாவின் ஏரிகள், ஆறுகள், மாகாணங்கள். யாரும் எதிர்த்துக் கேள்வி கேட்காத நிம்மதியான பாடம்.

பரம் அண்ணையின் தலையிடி பிரெஞ்சு. இந்த ஊரில் பிரெஞ்சு ஆசிரியர் கிடைப்பது, சனிக்கிழமை பின்னேரம் பிளாசாவில் பார்க்கிங் கிடைப்பதைவிடக் கஷ்டம். அரசாங்கப் பள்ளிக்கூடங்களே ஆளில்லாமல் தேடிக்கொண்டிருந்தன. எங்களிடம் வந்த முதல் ஆசிரியை, பிள்ளைகளின் பெயர்களைப் பாடமாக்கி முடிக்குமுன் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அடுத்தவர் நேர்முகத் தேர்வுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசினார், எழும்பினார், பரம் அண்ணையின் கையைக் குலுக்கினார், போய்விட்டார். அவருக்கு வைத்த தேத்தண்ணியில் ஆவிகூட அடங்கவில்லை.

அதன்பிறகுதான் பரம் அண்ணை ஆசிரியர் கூட்டம் வைத்தார்.

"பிரெஞ்சை ஆர் எடுக்கினமோ, அவைக்குச் சம்பளத்துக்கு மேலை மாதாமாதம் எக்ஸ்ட்ரா தருவன்" என்றார். "நல்ல எக்ஸ்ட்ரா."

விஞ்ஞானம் படிப்பிக்கும் மலர் ரீச்சர் உடனே கேட்டார்: "அப்ப நாங்கள் செய்யிறது லேசான வேலையோ, அண்ணை?"

"லேசு எண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை. ஆனா நீங்கள் போனா இன்னொரு ஆள் வரும். பிரெஞ்சுக்கு ஒருத்தரும் வருகினமில்லை. கிடையாத சாமானுக்குத்தானே விலை."

மலர் ரீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் எல்லோரும் மேசையைப் பார்த்தோம். பனிக்குள் பிள்ளைகளை ஓட வைப்பதும் கிடையாத சாமான்தான் என்று உடற்பயிற்சி ஆசிரியர் மெல்லச் சொன்னார். அது யாருடைய காதிலும் விழவில்லை.

அந்த அமைதியில் என் வாய் தானாகத் திறந்தது.

"நான் பாரிசிலை மூண்டு வருசம் இருந்தனான், அண்ணை."

(அது சத்தியமான உண்மை. அதில் எவ்வளவு காலம் நிலத்துக்கு மேலே இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

கனடாவுக்கு வருமுன் பாரிசில் ஒரு உணவகத்தின் நிலவறைச் சமையல்கூடத்தில் வேலை செய்தேன். முதலில் சட்டி கழுவினேன், பிறகு வெங்காயம் உரித்தேன், கடைசியில் சோஸ் கிண்டும் அளவுக்கு உயர்ந்தேன். என்னுடைய பிரெஞ்சு முழுவதும் அங்கே தலைமைச் சமையற்காரர் போட்ட சத்தத்திலிருந்து பொறுக்கியது. அவர் ஏதாவது கத்தினால் எல்லோரும் "உவி, ஷெஃப்!" என்று கத்த வேண்டும். 'ஓம், ஐயா' என்பது போல. கொதிக்கிற சட்டியோடு யாராவது வந்தால் "ஷோ துவாங்!" என்று கத்துவார்கள். 'சுடுது, விலகு' என்று அர்த்தம். எண்களும் எனக்குத் தெரியும். அந்த உணவகத்தில் இருபத்து நான்கு மேசைகள். ஆகவே என்னுடைய பிரெஞ்சு எண்களும் இருபத்து நான்கோடு நின்றுவிட்டன.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது என் மனைவி வதனி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமோ? இவ்வளவு காலத்திலை ஒரு சொல்லுகூட நான் கேக்கேல்லை."

"நீர் ஒருநாளும் கேக்கேல்லையே."

"எக்ஸ்ட்ரா எவ்வளவு?"

சொன்னேன். அதன்பிறகு அவர் என் பிரெஞ்சைச் சந்தேகிக்கவில்லை. அந்தக் கிழமையே சோபா பார்க்கப் போனோம்.

முதல் நாள் வகுப்புக்குக் கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு போனேன். (பிரெஞ்சுக்காரர் அப்படித்தான் சுற்றுவார்கள் என்பது என் எண்ணம். நான் பார்த்த பிரெஞ்சுக்காரர் எல்லோரும் ஏப்ரன் கட்டியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.) ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கைகளைப் பின்னால் கட்டி நிற்க வைத்து, நான் என்ன சொன்னாலும் "உவி, ஷெஃப்!" என்று சொல்லப் பழக்கினேன். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கதிரை தூக்கும்போது "ஷோ துவாங்!", தண்ணீர்ப் போத்தலோடு ஓடும்போது "ஷோ துவாங்!" பள்ளிக்கூட நடைவழியில் யாரும் யாரோடும் முட்டுவதில்லை. பரம் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்காய் நான் ஒரு வகுப்பும் பாக்கேல்லை, தம்பி" என்றார்.

பாடப் புத்தகத்தில் வினைச்சொற்களுக்குப் பெரிய பெரிய அட்டவணைகள் இருந்தன. அவற்றை நான் திறக்கவில்லை. யாராவது கேட்டால், "அது அடுத்த வருசம் வரும்" என்றேன்.

ஒரு பையன் விடவில்லை. "சேர், இருபத்து நாலுக்குப் பிறகு வட்ஸ் நெக்ஸ்ட்?"

"முதலிலை உதை வடிவாய்ப் படியுங்கோ. பிறகு பாப்பம்."

இன்னொரு சொற்றொடரும் படிப்பித்தேன். என் தலைமைச் சமையற்காரர் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, கைகளை விரித்து, "செ ஃபுத்யூ!" என்பார். உடனே சட்டியை இறக்கிவிடுவோம். ஆகவே அதன் அர்த்தம் 'முடிந்தது' என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. வீட்டுவேலை முடிந்தால் பிள்ளைகள் கொப்பியை நீட்டி, "செ ஃபுத்யூ, சேர்!" என்பார்கள். நான், "வெரி குட்" என்பேன்.

வகுப்பில் ஒரே ஒரு பிள்ளையிடம் என் முறை செல்லவில்லை. அக்சயா. எந்த வகுப்பிலும் வாய் திறக்காத பிள்ளை. மற்றவர்கள் கத்தும்போது உதட்டை மட்டும் அசைப்பாள். நானும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சமையல்கூடத்திலும் பேசாத ஆட்கள் இருந்தார்கள், வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

பனி உருகிச் சேறாகத் தொடங்கிய காலத்தில் பரம் அண்ணை ஒரு 'பிரெஞ்சு நாள்' வைக்கத் தீர்மானித்தார். பெற்றோர் வருவார்கள், அடுத்த வருடத்துக்குப் புதுப் பிள்ளைகள் சேருவார்கள் என்று கணக்கு. பிரதம விருந்தினராக ஓர் அரசியல்வாதியைக் கூப்பிட்டிருந்தார். அரசியல்வாதிகளுக்குத் தெரிந்த பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான் என்பதால் நான் நிம்மதியாக இருந்தேன்.

அன்று காலையில் பரம் அண்ணை முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"தம்பி, அந்தாள் வரேல்லையாம். ஆனா அதைவிடத் திறமான ஆள் ஒண்டு பிடிச்சிட்டன். ஒஷாவாவிலை அரசாங்கப் பள்ளிக்கூடத்திலை கனகாலமாய் பிரெஞ்சு படிப்பிக்கிற ரீச்சர். மதாம் ஸ்தெல்லா. பாண்டிச்சேரிப் பொம்பிளை. பிரெஞ்சிலைதான் படிச்சு வளர்ந்தவவாம்."

"எந்தப் பாண்டிச்சேரி?" என்று கேட்டேன்.

"எத்தினை பாண்டிச்சேரி இருக்கு?"

காய்ச்சல் என்று சொல்லிப் போய்விடலாமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துபோய்க் கிடந்தது.

மதாம் ஸ்தெல்லா உயரமானவர். வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்தபோதே அறை சின்னதாகிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பார்த்துப் பிரெஞ்சில் சுகம் விசாரித்தார். அப்படித்தான் இருக்க வேண்டும். எனக்கு 'பொன்ஜூர்' மட்டும் விளங்கியது.

பிள்ளைகள் எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டி, கூரை அதிர, "உவி, ஷெஃப்!" என்றார்கள்.

மதாமின் புருவம் மேலே போனது. அவர் இன்னொன்று கேட்டார். மறுபடி, "உவி, ஷெஃப்!" பெற்றோர் கைதட்டினார்கள். பரம் அண்ணை என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார்.

அடுத்தது எண் பாட்டு. பிள்ளைகள் தாளம் போட்டு இருபத்து நான்கு வரை பாடி, தலை குனிந்து வணங்கினார்கள். மதாம் தலையைச் சாய்த்துக்கொண்டு இருபத்தைந்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

பிறகு பேச்சு. ஒவ்வொரு பிள்ளையும் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்த நாலைந்து வசனம். முதல் பையன் தன் வீட்டைப் பற்றிச் சொன்னான். எல்லாம் நன்றாகப் போனது. முடிவில் நிமிர்ந்து நின்று, "செ ஃபுத்யூ. மெர்சி!" என்றான். மதாமுக்கு ஒரு சின்ன இருமல் வந்தது. அடுத்த பிள்ளை தன் தாயைப் பற்றிப் பேசினாள். "செ ஃபுத்யூ. மெர்சி!" மூன்றாவது பையன் கனடா நாட்டைப் பற்றிப் பேசினான். "செ ஃபுத்யூ. மெர்சி!" மதாம் தன் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

(சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் உணர்ச்சிவசப்பட்டு அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கியது.)

கடைசியாக அக்சயா. அவளுடைய தாய் வேலை உடுப்போடு, பாதி நாள் லீவு எடுத்து வந்து பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அக்சயா மேடைக்கு வந்தாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அறை முழுவதும் காத்திருந்தது. கீழே கடையில் கரண்டி விழுந்த சத்தம்கூடக் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போகவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதுதான் உண்மை. அவளுடைய கண் நிரம்பியது. கைகளை மெல்ல விரித்து, அந்த வருடம் முழுவதற்குமாகத் தன் முதல் வசனத்தைச் சொன்னாள்.

"செ ஃபுத்யூ."

மதாம் ஸ்தெல்லா எழுந்தார். "நோங், நோங், நோங்" என்று சொல்லிக்கொண்டே மேடைக்குப் போய், அவள் முன்னால் முழந்தாளில் இருந்தார். அந்த உயரமான மனுஷி ஒரே நொடியில் பிள்ளையின் உயரத்துக்கு வந்துவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

மதாம் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. கண்ணைத் துடைத்துவிடவும் இல்லை. விருந்தினருக்கு வைத்திருந்த ரோல்ஸ் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். சூடான தட்டு. அதைத் தொட்டுக் காட்டி, கையை வெடுக்கென்று இழுத்து, "ஷோ!" என்றார். பிறகு நெருக்கமாகக் கதிரை போட்டிருந்த அறையைக் காட்டி, புருவத்தை உயர்த்தி, காத்திருந்தார். அவ்வளவுதான். காத்திருந்தார். ஒருவர் அப்படிக் காத்திருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவசரம் இல்லை, பாவம் பார்க்கும் பார்வை இல்லை. இந்தப் பிள்ளை பேசப்போகிறாள் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது போலவும், நாங்கள்தான் இன்னும் கேள்விப்படவில்லை என்பது போலவும் ஒரு பார்வை.

அக்சயா ஓர் அடி வைத்தாள். மிக மெல்லிய குரலில், "ஷோ துவாங்" என்றாள்.

முன்வரிசையில் இருந்த தகப்பன் ஒருவர் காலை மடக்கி வழிவிட்டார். அவள் அவரைப் பார்த்தாள். தான் சொன்ன சொல்லுக்கு ஒரு பெரிய மனிதர் அசைந்ததை அவள் பார்த்தாள். அடுத்த "ஷோ துவாங்!" கொஞ்சம் உரத்து வந்தது. அடுத்தது இன்னும் உரத்து. கதிரைகள் கிறீச்சிட்டன, அறை நடுவால் பிரிந்தது. கடைசி வரிசைக்குப் போனபோது அவள் கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் தட்டிலிருந்து ஒரு ரோல்ஸ் எடுத்தார்.

மதாம் நிறுத்தவில்லை. யன்னலைத் திறந்து வெளி விளிம்பில் கிடந்த பனியைக் கொஞ்சம் எடுத்துவந்து ஒரு பையனின் உள்ளங்கையில் வைத்தார். "ஃபுறுவா!" பையன் துள்ளினான். குளிர். பிறகு ரோல்ஸ் ஷோ, பனி ஃபுறுவா, தேத்தண்ணி ஷோ, யன்னல் ஃபுறுவா. ஒவ்வொன்றையும் தொட வைத்தார், கேட்டார், சொல்ல வைத்தார். சொல் வசனமானது, வசனம் கேள்வியானது, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள். அவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு சொல் மொழிபெயர்க்கவில்லை. பெற்றோர்கள் பேசினார்கள். மலர் ரீச்சர் பேசினார். பரம் அண்ணை தன் மொட்டைத் தலையைத் தானே தொட்டு, "ஃபுறுவா!" என்று அறிவித்தார். அது அவர் வாழ்க்கையின் முதல் பிரெஞ்சு. அறை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது, அக்சயா எல்லோரையும்விட உரத்துச் சிரித்தாள்.

நான் பிள்ளைகளுடைய சின்னக் கதிரை ஒன்றில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். என் மானம் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை. இத்தனை வருடமாக நானும் ஆசிரியர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பு இப்படிப் பற்றி எரிவதை நான் பார்த்ததே இல்லை.

எல்லோரும் போன பிறகு நடைவழியில் மதாம் என்னைப் பிடித்தார்.

"சார், பாரிஸ்ல எந்த ரெஸ்டாரண்ட்ல வேலை பார்த்தீங்க?"

"எப்பிடித் தெரியும்?"

"இது சமையல்கட்டுப் பிரெஞ்சு சார். ஆனா ஒண்ணு சொல்றேன், உச்சரிப்பு சுத்தமா இருக்கு. அந்த ஷெஃப் நல்லாத்தான் கத்தியிருக்கார்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடைசில எல்லாப் பசங்களும் ஒண்ணு சொன்னாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லிக் குடுத்தீங்க?"

"முடிஞ்சுது எண்டு."

"முடிஞ்சதுதான். எப்படி முடிஞ்சதுங்கறதுதான் விஷயம். எல்லாம் நாசமாப் போச்சுன்னு அர்த்தம். அதுவும் பெரியவங்க முன்னாடி பசங்க சொல்லக்கூடாத நாசமாப் போச்சு."

என் தலைக்குள் பேச்சுகள் எல்லாம் மறுபடி ஓடின. 'எங்கள் வீடு அழகானது. நாசமாய்ப் போச்சு, நன்றி.' 'என் அம்மா அன்பானவர். நாசமாய்ப் போச்சு, நன்றி.' 'கனடா பெரிய நாடு...'

அதோடு நிற்கவில்லை. பாரிசில் நான் கிண்டிய சோஸ் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மனிதர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் பெருமையாக "மெர்சி, ஷெஃப்" என்றிருக்கிறேன். அங்கே குடிவரவு அலுவலகத்தில் என் பத்திரங்களை நீட்டி, எல்லாம் நிரப்பி முடிந்தது என்று சொல்ல நினைத்து, "செ ஃபுத்யூ, மதாம்" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அந்த அதிகாரி எழுந்து எனக்கு ஏன் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

"அந்தப் பொண்ணு மட்டும்தான் சார் அதைச் சரியான இடத்துல சொன்னா" என்றார் மதாம். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பரம் அண்ணையிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. நேரே மதாமிடம் ஓடினார். சனிக்கிழமை காலைகளில் மட்டும் வர மதாம் சம்மதித்தார். எக்ஸ்ட்ரா பற்றி அண்ணை இழுத்தபோது, மதாம் நேராகவே சொன்னார்: "வேணாம்னு சொல்ல மாட்டேன் சார். நான் வாங்கலைன்னா எனக்கப்புறம் வர்ற டீச்சருக்கும் குடுக்க மாட்டீங்க."

மலர் ரீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு மாதத்துக்குள் விஞ்ஞானத்துக்கும் எக்ஸ்ட்ரா வந்துவிட்டது. அவர் என்ன சொல்லி வாங்கினார் என்று பரம் அண்ணை இன்றுவரை வாய் திறக்கவில்லை. நான் மறுபடி ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் திரும்பினேன். சோபா என் வெறும் சம்பளத்தில், மாதத் தவணையாக, மெல்ல மெல்ல எங்களுக்குச் சொந்தமானது.

ஆனால் சனிக்கிழமைகளில் நான் வீட்டில் நிற்கவில்லை. மதாமின் வகுப்பில் கடைசி வரிசையில், முழங்கால் நாடியில் இடிக்க, பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து இடம் அக்சயாவுடையது. நான் பிழையாகச் சொன்னால் அவள் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருத்துவாள்.

ஒரு சனிக்கிழமை மதாம் ஒரு பிள்ளையின் சிவப்புக் கையுறையைத் தூக்கிப் பிடித்து, "ரூஜ்" என்றார்.

நான் கை தூக்கினேன். "மதாம், ரூஜ் எண்டா வைன் இல்லையோ?"

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சமையல்கூடத்தில் 'ரூஜ்' என்று கத்தினால் நாங்கள் எடுத்துக் கொடுத்தது வைன் போத்தல்தான்.

"சிவப்பு சார்" என்றார் மதாம். "வெறும் சிவப்பு."

எங்கள் வீடு இருப்பது ரூஜ் என்ற இடத்தில். நான் பிரெஞ்சு படிப்பிக்கத் தொடங்கியதும் வதனி அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்டிருந்தார். வைன் என்று சொல்லியிருந்தேன். அதோடு விட்டிருக்கலாம். சமூகக் கல்வி ஆசிரியர் அல்லவா, அந்தக் காலத்தில் இங்கே திராட்சைத் தோட்டங்கள் இருந்தன என்று ஒரு சரித்திரமும் சொல்லியிருந்தேன். அவர் அதை நம்பி மட்டக்களப்பில் இருக்கும் தன் சொந்தக்காரர் எல்லோருக்கும் போனில் சொல்லியிருந்தார்.

அன்று பின்னேரம் உண்மையைச் சொல்லி, வதனியையும் கூட்டிக்கொண்டு, எங்கள் இடத்துக்குப் பெயர் தந்த ரூஜ் ஆற்றைப் பார்க்கப் போனேன். பனி கரைந்து ஆறு கரைபுரண்டு ஓடியது. எதிர்க்கரை மண், வெயில் பட்டு, உண்மையாகவே சிவந்து கிடந்தது. யாரோ ஒருவர் என்றோ இதே இடத்தில் நின்று, கண்ணால் கண்டதை அப்படியே ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சொல்லுக்குள் இத்தனை வருடம் குடியிருந்தும் எனக்குத் தெரியவில்லை.

வதனி கரையோரம் போய் ஆற்றை எட்டிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"வைன் எல்லாத்தையும் குடிச்சு முடிச்சிட்டினம் போலை" என்றார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும், சாப்பாட்டுக்கு முதல் அந்த ஆற்றங்கரைக்கு ஒரு நடை உண்டு. வதனி முன்னால் போவார், என் பிரெஞ்சு உத்தியோகக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே. கரை வந்ததும் எட்டிப் பார்ப்பார். அந்தக் 'குடிச்சு முடிச்சிட்டினம்' வசனத்தை மட்டும் என்னைக்கொண்டுதான் சொல்ல வைப்பார்.